ஹப்பர்ட் வரைந்த குன்று

1956 மார்ச் மாதம். டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரில் அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் வட்டாரக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. பிளாசா ஓட்டலில் கூடியிருந்தவர்கள் கிணறு தோண்டும் பொறியாளர்கள், நிலவியலாளர்கள், கம்பெனி நிர்வாகிகள் என எல்லோரும் எண்ணெய்த் தொழிலிலேயே ஊறியவர்கள். பேச வந்தவர் ஷெல் நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவைச் சேர்ந்த மேரியன் கிங் ஹப்பர்ட். மேடையேறும் நேரம் நெருங்கியபோது தலைமையகத்திலிருந்து தொலைபேசி வந்தது. பரபரப்பை உண்டாக்கும் பகுதிகளைக் கொஞ்சம் மென்மையாக்கக் கூடாதா என்று கேட்டார்கள். மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போய்ப் பேசியதாக ஹப்பர்ட் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

அன்று அவர் காட்டிய படங்களில் ஒன்று, குன்றுபோல ஏறி இறங்கும் ஒற்றைக் கோடு. அந்தக் கோடு பிறகு எழுபது ஆண்டுகள் உலகைச் சுற்றியது. அதைத் திட்டினார்கள், தலைமேல் வைத்துக் கொண்டாடினார்கள், குப்பையில் போட்டார்கள், மீண்டும் எடுத்து வேறு பெயரில் வரைந்தார்கள்.

அது பிறந்த விதம் மிக எளிமையானது. கட்டம் போட்ட தாளில் கிடையாக ஆண்டுகள். செங்குத்தாக, அந்தந்த ஆண்டில் எடுத்த எண்ணெய். ஒரு கட்டத்தின் பரப்பு 2,500 கோடி பீப்பாய்க்குச் சமம். அமெரிக்க மண்ணிலிருந்து மொத்தமாக எடுக்கக்கூடியது 15,000 கோடி பீப்பாய் என்றால் கோட்டுக்குக் கீழே ஆறு கட்டங்களுக்குத்தான் இடம். அவற்றில் இரண்டு கட்டத்துக்குச் சற்று மேல் ஏற்கெனவே எடுத்தாயிற்று. மீதியிருக்கும் நாலு கட்டத்துக்குள் கோடு ஏறி, திரும்பி, இறங்கி முடிய வேண்டும். சமன்பாடு எதுவும் வேண்டியிருக்கவில்லை, கையாலேயே வரைந்தார். உச்சி 1965 வாக்கில் வந்து நின்றது. சரி, தாராளமாக 20,000 கோடி பீப்பாய் என்றே வைத்துக்கொள்வோம் என்று இன்னொரு கோடு போட்டார். உச்சி 1970-க்கு நகர்ந்தது. கூடுதலாகச் சேர்த்த அந்த 5,000 கோடி பீப்பாய், அன்றைக்கு அமெரிக்காவின் பெருமையாக இருந்த கிழக்கு டெக்சாஸ் எண்ணெய் வயலைப்போல எட்டு வயல்களுக்குச் சமம். எட்டு கிழக்கு டெக்சாஸ்களைப் புதிதாகக் கண்டுபிடித்தாலும் கிடைப்பது ஐந்தே ஆண்டு அவகாசம். கூட்டத்தை உலுக்கியிருக்க வேண்டிய செய்தி, எந்த ஆண்டு என்பதைவிட இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆண்டுக்கு ஆண்டு செலவு பெருகும்போது இருப்பு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் நாள் அதிகம் தள்ளிப்போவதில்லை.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். எண்ணெய் உச்சம் என்றால் எண்ணெய் தீர்ந்துபோகும் நாள் என்று இன்றைக்கும் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. தெருவோரக் கரும்புச்சாறு வண்டியைப் பாருங்கள். முதல் தடவை கரும்பை உருளைக்குள் விட்டால் சாறு கொட்டும். மடித்து இரண்டாம் தடவை விட்டால் ஓரளவு வரும். நாலாவது தடவை கடைக்காரர் முழு பலத்தோடு சுற்றினாலும் சொட்டுத்தான். கரும்பில் அப்போதும் ஈரம் இருக்கும். எண்ணெயும் பூமிக்கடியில் ஏரியாகத் தேங்கிக் கிடப்பதில்லை. பாறையின் நுண்துளைகளில் அழுத்தத்தோடு அடைந்து கிடக்கிறது. தொடக்கத்தில் அழுத்தமே அதை மேலே தள்ளிவிடும். பிறகு தண்ணீரையோ வாயுவையோ உள்ளே செலுத்தித் தள்ள வேண்டும். உச்சம் என்பது ஒரு நாளைக்கு எவ்வளவு எடுக்க முடியும் என்ற வேகத்தின் உச்சம். அதைக் கடந்தபின்னும் பாறைக்குள் ஏராளமாக இருக்கும்.

ஹப்பர்ட்டை அன்று பெரும்பாலோர் நம்பவில்லை. அதற்கு நியாயமும் இருந்தது. அமெரிக்க எண்ணெய்க்கு முடிவுரை எழுதுவது பழைய வழக்கம். 1919-இலேயே அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் தலைமை நிலவியலாளர் டேவிட் ஒயிட், இன்னும் சில ஆண்டுகளில் உற்பத்தி உச்சம் தொட்டுவிடும் என்று எச்சரித்திருந்தார். 1930-இல் கிழக்கு டெக்சாஸில் எண்ணெய் பீறிட்டது. விலை பீப்பாய்க்குப் பத்து சென்ட் அளவுக்குச் சரிந்து, உற்பத்தியைக் கட்டுப்படுத்த அரசே இறங்க வேண்டியதாயிற்று. இந்த அனுபவம் பெற்ற தலைமுறை, இன்னொரு எச்சரிக்கையைக் கேட்டுத் தலையாட்டிவிட்டுப் போனதில் வியப்பில்லை.

ஆனால் ஹப்பர்ட் வேறு மாதிரி ஆள். டெக்சாஸின் சான் சபாவில் பிறந்து, சிகாகோ பல்கலைக்கழகத்தில் படித்து, கொலம்பியாவில் புவி இயற்பியல் கற்பித்தவர். 1930-களின் பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில், நாட்டைப் பொறியாளர்கள் நிர்வகிக்க வேண்டும் என்று வாதிட்ட டெக்னாக்ரசி இயக்கத்தின் முன்னணியில் நின்றவர். பணத்தைக் கொண்டு அல்ல, ஆற்றலைக் கொண்டு சமூகத்தை அளக்க வேண்டும் என்பது அவருடைய உறுதியான எண்ணம். 1956 கட்டுரையிலேயே இன்னொரு படமும் உண்டு: ஐயாயிரம் ஆண்டு முன்னும் ஐயாயிரம் ஆண்டு பின்னும் நீளும் காலக்கோடு. அதன் நடுவே, நிலக்கரியும் எண்ணெயும் எரியும் நம் யுகம் ஊசிமுனைபோல ஒரு கணம் எழுந்து மறைகிறது. அதன்பின் நாகரிகத்தைத் தாங்கப்போவது அணுசக்தி என்று அவர் நம்பினார்; கட்டுரையின் தலைப்பிலேயே அணுசக்திதான் முதலில் வரும். கோட்டைக் கொண்டாடியவர்களும் எதிர்த்தவர்களும் இந்தப் பாதியைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள்.

அடுத்த பதினைந்து ஆண்டுகள் கோட்டுக்குச் சோதனைக் காலம். அரசின் நிலவியல் ஆய்வு நிறுவனமே அதற்கு எதிர்முகாம் ஆனது. அங்கிருந்த ஏ. டி. ஸாப் என்பவரின் கணக்குப்படி அமெரிக்காவின் மொத்த எண்ணெய் 59,000 கோடி பீப்பாய். ஹப்பர்ட் சொன்னதைப்போல மூன்று மடங்கு. தோண்டும் ஒவ்வொரு அடிக்கும் முன்பு எவ்வளவு எண்ணெய் கிடைத்ததோ அவ்வளவே இனிமேலும் கிடைக்கும் என்பது அந்தக் கணக்கின் அடித்தளம். பெரிய வயல்கள் முதலில் கண்ணில் படும், சின்னவை பிறகுதான் அகப்படும் என்ற நடைமுறைக்கு அதில் இடமில்லை. அடிக்கு இவ்வளவு என்ற விகிதம் பல ஆண்டுகளாகச் சரிந்துகொண்டே வருவதை ஹப்பர்ட் தரவுகளோடு காட்டினார். ஷெல்லிலிருந்து ஓய்வு பெற்று 1964-இல் அவர் சேர்ந்ததும் அதே ஆய்வு நிறுவனத்தில்தான். பெரிய கணக்கை ஆதரித்த வின்சென்ட் மெக்கெல்வி 1971-இல் அதன் இயக்குநரானார். ஒரே கூரையின் கீழ் இரண்டு கணக்குகள் மோதிக்கொண்டிருந்தன.

தீர்ப்பு வெளியிலிருந்து வந்தது. 1970-இல் அமெரிக்க உற்பத்தி நாளொன்றுக்குச் சராசரியாக 96 லட்சம் பீப்பாயைத் தொட்டது. அடுத்த ஆண்டு குறைந்தது. உச்சியில் நிற்கும்போது அது உச்சி என்று யாருக்கும் தெரிவதில்லை; இறங்கத் தொடங்கிச் சில காலம் கழித்துத்தான் தெரியும். தெரிந்துகொள்ள உதவியது டெக்சாஸ் ரயில்வே ஆணையம் என்ற விநோதமான பெயர் கொண்ட அமைப்பு. அங்குள்ள கிணறுகள் மாதந்தோறும் எவ்வளவு இறைக்கலாம் என்று பல பத்தாண்டுகளாகத் தீர்மானித்து வந்தது அதுதான். 1972-இல் அது கட்டுப்பாட்டை நீக்கி, முழுத் திறனுக்கும் இறைத்துக்கொள்ளலாம் என்று அனுமதித்தது. கையிருப்பாக வைத்திருந்த உபரித் திறன் தீர்ந்துவிட்டது என்பதே அதன் பொருள். 1967-இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியபோது அமெரிக்கா தன் குழாய்களைக் கொஞ்சம் திறந்துவிட்டுச் சமாளித்தது. 1973-இல் நிறுத்தியபோது திறப்பதற்குக் குழாய் இல்லை. விலை நான்கு மடங்கானது. ஹப்பர்ட் ஒரே நாளில் தீர்க்கதரிசி ஆனார். அலாஸ்காவின் பிரூடோ பே எண்ணெய் 1977-இல் குழாய் வழியே வரத் தொடங்கியும்கூட 1970-இன் உயரத்தை எட்ட முடியவில்லை.

அமெரிக்காவில் வென்ற கோடு உலகத்துக்குப் புறப்பட்டபோதுதான் இடறத் தொடங்கியது. உலகின் மொத்தம் 1,25,000 கோடி பீப்பாய், உச்சம் 2000-ஐ ஒட்டி என்று 1956-இலேயே ஹப்பர்ட் வரைந்திருந்தார். ஆனால் 1973, 1979 விலையேற்றங்களுக்குப் பின் மனிதர்கள் நடந்துகொண்ட விதம் அந்தப் படத்தில் இல்லாதது. கார்கள் சிறுத்தன. மின் நிலையங்கள் எண்ணெயைக் கைவிட்டு நிலக்கரிக்கும் அணு உலைக்கும் மாறின. 1979-இல் இருந்த பயன்பாட்டு அளவுக்கு உலகம் திரும்பவே ஏறக்குறைய பத்தாண்டுகள் ஆயின. குன்றின் சரிவில் ஒரு பள்ளம் விழுந்து, உச்சி தள்ளிப்போனது.

இன்னொரு சிக்கல், மொத்தம் எவ்வளவு என்பதே தெளிவில்லாமல் போனது. 1985 முதல் 1990-க்குள் குவைத், ஈரான், ஈராக், ஐக்கிய அரபு அமீரகம், வெனிசுலா, சவூதி அரேபியா ஆகிய நாடுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தங்கள் இருப்பை உயர்த்தி அறிவித்தன. சவூதியின் இருப்பு மட்டும் 17,000 கோடி பீப்பாயிலிருந்து 25,000 கோடிக்கு மேல் போனது. எல்லாம் சேர்த்தால் 30,000 கோடி பீப்பாய் அளவுக்குக் கூடியது. அதற்கு ஈடான புதிய கண்டுபிடிப்புகள் இல்லை. எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் கூட்டமைப்பான ஒபெக், யார் எவ்வளவு உற்பத்தி செய்யலாம் என்று பங்கு பிரித்துக்கொண்டிருந்த காலம் அது. இருப்பு அதிகம் என்று காட்டினால் பங்கும் அதிகம் கேட்கலாம். முந்தைய கணக்கு வேண்டுமென்றே குறைத்துப் போடப்பட்டது என்ற வாதமும் உண்டு. வெளியாட்கள் சரிபார்க்க அன்று வழியிருக்கவில்லை. பரப்பளவே தெரியாத தாளில் வளைகோடு வரைய வேண்டிய நிலை. 1989 அக்டோபரில் ஹப்பர்ட் காலமானபோது எண்ணெய் மலிவாகக் கிடைத்தது. கோட்டை நினைப்பவர்கள் குறைந்திருந்தார்கள்.

அதற்கு மறுபிறவி கொடுத்தவர்கள் தொழிலிலிருந்து ஓய்வு பெற்ற இரண்டு நிலவியலாளர்கள்: ஆங்கிலேயரான காலின் கேம்ப்பெல், பிரெஞ்சுக்காரரான ழான் லாஹெரேர். 1998 மார்ச்சில் இருவரும் சேர்ந்து சயின்டிஃபிக் அமெரிக்கன் இதழில் எழுதிய கட்டுரை, மலிவு எண்ணெயின் காலம் முடியப்போகிறது, வழக்கமான எண்ணெயின் உற்பத்தி 2010-க்குள் இறங்கத் தொடங்கும் என்றது. அந்த ஆண்டு இறுதியில் பீப்பாய் 10 டாலருக்கு விற்றது! அயர்லாந்தின் தென்மேற்கு மூலையில் பாலிடிஹாப் என்ற சிற்றூரில் இருந்துகொண்டு கேம்ப்பெல் நாடு நாடாகக் கணக்குப் போட்டார். எண்ணெய் உச்சத்தை ஆராய ஒரு சங்கம் தொடங்கினார். 2002-இல் ஸ்வீடனின் உப்சாலாவில் அதன் முதல் கருத்தரங்கு நடந்தது.

கோட்டுக்கு இப்போது ஓர் இயக்கமே பின்னால் வந்தது. ஷெல்லில் ஹப்பர்ட்டோடு பணியாற்றிய பிரின்ஸ்டன் பேராசிரியர் கென்னத் டெஃபெய்ஸ், உச்சத்துக்கு நாளே குறித்தார்: 2005 நவம்பர் 24, நன்றி நவிலல் நாள். ஹூஸ்டனைச் சேர்ந்த முதலீட்டு வங்கியாளர் மேத்யூ சிம்மன்ஸ், பொறியாளர்களின் தொழில்நுட்பக் கட்டுரைகளைக் குவித்துப் படித்து, சவூதியின் கவார் வயல் களைத்துவிட்டது என்று 2005-இல் ஒரு புத்தகம் எழுதினார். 280 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த வயல், உலகச் சந்தையைப் பல பத்தாண்டுகளாகத் தாங்கி வந்த தூண்களில் ஒன்று. 2010-இல் விலை சராசரி 200 டாலரைத் தொடும் என்று நியூயார்க் டைம்ஸ் பத்தியாளர் ஜான் டியர்னியுடன் 5,000 டாலர் பந்தயமும் கட்டினார்.

நடப்பும் அவர்கள் பக்கம் பேசியது. பிரிட்டனின் வடகடல் எண்ணெய் 1999-இல் உச்சம் தொட்டு இறங்கியது. இந்தோனேசியா எண்ணெயை இறக்குமதி செய்யும் நாடாகி ஒபெக்கிலிருந்து விலகியது. மெக்சிகோவின் கான்டரெல் கதை எல்லாவற்றிலும் துயரமானது. கடலில் எண்ணெய்ப் படலம் மிதப்பதைக் கண்டு சொன்ன மீனவரின் பெயரைத் தாங்கிய வயல் அது. உற்பத்தியைக் கூட்ட அதற்குள் பெருமளவு நைட்ரஜனைச் செலுத்தினார்கள். 2004-இல் நாளொன்றுக்கு 21 லட்சம் பீப்பாய் கொடுத்தது. 2010-இல் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. 2008 ஜூலையில் உலகச் சந்தையில் விலை 147 டாலருக்கு ஏறியபோது, கேம்ப்பெல்லின் கணக்கு பலித்துவிட்டதாகவே பலருக்கும் தோன்றியது.

எதிர்த்தரப்பை அலட்சியமாகத் தள்ள முடியாது. எம்.ஐ.டி.யின் பொருளாதார அறிஞர் மோரிஸ் அடெல்மன் ஆண்டுக்கணக்காக ஒன்றையே சொல்லிவந்தார்: இருப்பு என்பது பூமி கொடுத்த நிலையான பண்டம் அன்று, பணம் போட்டு உண்டாக்கும் சரக்கிருப்பு. விலை ஏறினால் நேற்றுவரை பயனற்ற பாறை இன்று இருப்பாகிவிடும். கோடு வரைபவர்கள் மொத்தத்தை மாறாத எண்ணாக எடுத்துக்கொள்கிறார்கள், அங்கேதான் தவறு என்றார்கள் மைக்கேல் லின்ச் போன்றவர்கள். எண்ணெய் வரலாற்றை எழுதிப் புலிட்சர் பரிசு பெற்ற டேனியல் யெர்கின், கூரிய உச்சிக்குப் பதிலாக மேடுபள்ளமான பீடபூமிதான் வரும், அதுவும் இப்போது வராது என்றார்.

அவர்களுக்குச் சாட்சியாக வந்தது ஷேல் என்ற பாறை. கிரேக்கக் குடியேறியின் மகனான ஜார்ஜ் மிச்செல் என்ற டெக்சாஸ்காரர், ஃபோர்ட்வொர்த் வட்டாரத்தின் பார்னெட் பாறையிலிருந்து எரிவாயு எடுக்க 1981 முதல் பணத்தைக் கொட்டிக்கொண்டிருந்தார். துளைகள் ஒன்றோடொன்று இணையாத அடர்ந்த பாறை. கிணறு போட்டாலும் எதுவும் ஊறி வராது. அழுத்தமான நீரை மணலோடு செலுத்திப் பாறையை விரிசலிட வைக்கும் சரியான பக்குவம் 1990-களின் இறுதியில்தான் கைகூடியது. அதோடு கிடைமட்டமாகத் துளைபோடும் நுட்பமும் சேர, எரிவாயுவுக்குக் கண்ட வழி எண்ணெய்க்கும் திறந்தது: வடக்கு டகோட்டாவின் பாக்கன், மேற்கு டெக்சாஸின் பெர்மியன், ஈகிள் ஃபோர்டு. இந்த ஈகிள் ஃபோர்டு பாறைப் பட்டை சான் அன்டோனியோவுக்குத் தெற்கே ஓடுகிறது. ஹப்பர்ட் பேசிய ஊரிலிருந்து சில மணி நேரக் கார்ப் பயணத்தில், அவர் கணக்கில் வராத எண்ணெய் கிடந்திருக்கிறது.

2008-இல் அமெரிக்கா நாளொன்றுக்கு 50 லட்சம் பீப்பாய் எடுத்தது. அதுவரை கோடு அவர் சொன்னதுபோல இறங்குமுகமாகத்தான் இருந்தது. 2018-இல் 1970-இன் சாதனை உடைந்தது. 2023-இல் 129 லட்சம். வேறெந்த நாடும் எந்தக் காலத்திலும் அவ்வளவு எடுத்ததில்லை. டெஃபெய்ஸ் குறித்த நாள் கடந்தும் உலக உற்பத்தி ஏறியது. சிம்மன்ஸ் 2010 ஆகஸ்டில் காலமானார். அந்த ஆண்டின் சராசரி விலை 80 டாலரைச் சுற்றியே நின்றது. பந்தயம் டியர்னிக்கு. மொத்தமே இவ்வளவுதான் என்று ஹப்பர்ட் சொன்ன 1,25,000 கோடி பீப்பாயை உலகம் ஏற்கெனவே தாண்டி எடுத்துவிட்டது.

அப்படியானால் கோடு பொய்யா? இல்லை என்றுதான் நான் நினைக்கிறேன். எந்த எண்ணெயின் உச்சம் என்று கேட்காமல் இந்த வழக்கை முடிக்க முடியாது. சர்வதேச எரிசக்தி முகமை இந்த இயக்கத்தோடு சேர்ந்தது அல்ல. பணக்கார நாடுகளின் அரசுகள் நடத்தும் அமைப்பு. அதுவே 2010 அறிக்கையில், வழக்கமான கச்சா எண்ணெய் 2006-இல் எட்டிய நாளொன்றுக்கு ஏறக்குறைய 7 கோடி பீப்பாய் என்ற அளவை இனி எட்டாது என்று தன் மையக் கணிப்பில் எழுதியது. வழக்கமான எண்ணெயைப் பற்றிக் கேம்ப்பெல்லும் லாஹெரேரும் சொன்னதற்கு இது வெகு அருகில் இருக்கிறது. அதன் இடத்தை நிரப்பியது ஷேலும் கனடாவின் எண்ணெய் மணலும் ஆழ்கடலும். ஷேல் கிணறு முதல் ஆண்டிலேயே பாதிக்கு மேல் வற்றிவிடும். அதே அளவைத் தக்கவைக்க மேலும் மேலும் தோண்டிக்கொண்டே இருக்க வேண்டும். 2014-க்குப் பின் விலை சரிந்தபோது கடனில் தோண்டிய கம்பெனிகள் பல திவாலாயின.

இந்த விவாதத்தில் எனக்கு மனம் ஆறாத இடம் ஒன்று உண்டு. 2005 பிப்ரவரியில் அமெரிக்க எரிசக்தித் துறைக்காக ராபர்ட் ஹிர்ஷ் தலைமையில் ஓர் அறிக்கை தயாரானது. உச்சம் எந்த ஆண்டு என்று அது அடித்துச் சொல்லவில்லை. என்றைக்கு வந்தாலும், பெரும் பாதிப்பு இல்லாமல் கடக்க வேண்டுமானால் இருபது ஆண்டுக்கு முன்பே ஆயத்தம் தொடங்க வேண்டும் என்றது. கார், லாரி, விமானம், சுத்திகரிப்பு ஆலை எதையும் ஒரு பட்ஜெட்டில் மாற்ற முடியாது. தேதி குறித்தவர்கள் தோற்றபோது இந்த அறிவுரையும் அவர்களோடு சேர்த்துக் கைவிடப்பட்டது. தேதி பொய்த்ததால் கேள்வியே பொய்த்துவிட்டதாக உலகம் எடுத்துக்கொண்டது. நாள் குறிக்கும் ஆசை கோட்டுக்குச் செய்த கேடு, எதிரிகள் செய்ததைவிடப் பெரிது.

இன்று அதே குன்றை வரைபவர்கள் மாறிவிட்டார்கள். பாறையைப் பார்த்தவர்கள் இருந்த இடத்தில் வாங்குபவரைப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். கொரோனாவின்போது 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்கச் சந்தையில் எண்ணெயின் விலை பூஜ்யத்துக்கும் கீழே போய், விற்பவரே பீப்பாய்க்கு 37 டாலர் கொடுத்துத் தள்ளிவிட வேண்டிவந்தது. அதே ஆண்டு பிபி நிறுவனம், தேவையின் உச்சம் கடந்துபோயிருக்கவும் கூடும் என்று கணித்தது. 2030-க்கு முன்பே தேவை உச்சம் தொடும் என்று 2023-இல் எரிசக்தி முகமை சொன்னது. ஒபெக் கடுமையாக மறுத்தது; 2050-இல் நாளொன்றுக்கு 12 கோடி பீப்பாய் தேவைப்படும், உச்சம் கண்ணில் படவில்லை என்று 2024-இல் எழுதியது. 2025 இறுதியில் முகமையும், இன்றைய கொள்கைகளே நீடித்தால் 2050 வரை தேவை ஏறும் என்ற கோட்டைத் தன் அறிக்கையில் மீண்டும் சேர்த்துக்கொண்டது. அதே ஆண்டு அது வெளியிட்ட இன்னொரு ஆய்வு, எண்ணெய் எரிவாயு எடுப்பதில் 2019 முதல் போடப்படும் முதலீட்டில் ஏறக்குறைய 90 சதவீதம் பழைய வயல்களின் சரிவை ஈடுகட்டவே போகிறது என்று காட்டியது. தேவை நின்றாலும் நிற்காவிட்டாலும் பாறையின் சரிவு நிற்பதில்லை.

தேவைக் கோடு எங்கே திரும்பும் என்பதில் இந்தியாவுக்குப் பெரும் பங்கு உண்டு. 2030 வரை உலகில் எண்ணெய்த் தேவை மிக அதிகமாகக் கூடப்போவது இங்கேதான். நாளொன்றுக்குக் கூடுதலாக ஏறக்குறைய 12 லட்சம் பீப்பாய் என்பது முகமையின் 2024 கணிப்பு. அதில் பெரும்பகுதி இறக்குமதி. இப்போதே தேவையில் 85 சதவீதத்துக்கு மேல் வெளியிலிருந்துதான் வருகிறது. சீனாவில் 2024-இல் விற்ற புதிய கார்களில் ஏறக்குறைய பாதி மின்சாரம் ஏற்றி ஓட்டுபவை. இந்தியாவில் அதே ஆண்டு விற்ற மூன்று சக்கர வண்டிகளில் பாதிக்கு மேல் மின் வண்டிகள். கார்களில் நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. லாரிகளுக்கு டீசலை விட்டால் இன்னும் வேறு வழி பரவலாக வரவில்லை. இந்தியா எரிக்கும் எண்ணெய்ப் பொருட்களில் மிகப் பெரிய பங்கு அந்த டீசல்தான்.